ஒரு மோல் ஹீலியம்

ஒரு கலனில் அடைபட்டிருக்கும் வாயுவைப் பற்றி வேதியியல் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு: அதில் எத்தனை துகள்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு வேகமாக அலைகின்றன. முதற் கேள்விக்கான விடையை மோல் என்னும் அலகாலும், இரண்டாவதற்கான விடையைக் கெல்வின் என்னும் அலகாலும் அறிவியல் சொல்கிறது. பாடநூல்களில் மோல் வேதிக்கணக்கீட்டுப் பாடத்திலும் கெல்வின் வாயு விதிகளிலுமாகத் தனித்தனியே வந்து போவதால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது மாணவர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை. அந்தப் பிணைப்பை வேறெந்தப் பொருளையும்விடத் தெளிவாகக் காட்டிய தனிமம் ஹீலியம். அதன் வரலாற்றில் பழைய சென்னை மாகாணத்துக்கும், குறிப்பாக மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் எட்டும் கல்பாக்கம் கடற்கரைக்கும் பலர் அறியாத பங்கு உண்டு.

மோல் என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் அலகே தவிர எடையைக் குறிப்பதன்று. ஒரு பொருளின் 6.02214076 × 10²³ துகள்கள், அவை அணுக்களாயினும் மூலக்கூறுகளாயினும் அயனிகளாயினும், சேர்ந்தால் அது ஒரு மோல். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள சம கனஅளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும் என்று 1811ஆம் ஆண்டில் இத்தாலியின் அமெடியோ அவகாட்ரோ கூறினார். ஆனால் அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அவர் கூறவில்லை, கூறுவதற்கான வழியும் அவர் காலத்தில் இல்லை. 1865இல் ஆஸ்திரிய அறிஞர் லோஷ்மிட் மூலக்கூறின் பருமனை மதிப்பிட்டபோதுதான் அந்த எண்ணின் முதல் சாயல் தெரிந்தது. மோல் என்னும் பெயரை வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை 1909இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பெர்ரன் சூட்டினார். பன்னாட்டு அலகு முறையின் அடிப்படை அலகுகளுள் ஒன்றாக மோல் இடம்பெற்றது 1971இல்தான். அணுவின் இருப்பையே ஐயுற்று வந்த ஆஸ்ட்வால்ட், அணுக்களை எண்ணுவதற்குப் பின்னாளில் பயன்பட்ட அலகுக்குப் பெயரிட்டவராக நிலைத்திருப்பது அறிவியல் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அமெரிக்க வேதியியல் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 23ஆம் நாளை, காலை 6.02 மணி முதல் மாலை 6.02 மணி வரை, மோல் நாளாகக் கொண்டாடுகின்றனர். மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதும் அவர்களது வழக்கப்படி அது 10/23 ஆகி, அவகாட்ரோ எண்ணின் அடுக்கை நினைவூட்டுகிறது. தேதியை முன்னே எழுதும் தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்காது. அந்நாளில் வழக்கமாகச் சொல்லப்படும் உவமைகள், அதாவது ஒரு மோல் நெல்மணி இத்தனை உயரம் குவியும், ஒரு மோல் நாணயம் இத்தனை பேரைச் செல்வராக்கும் என்பன போன்றவை, வியப்பை உண்டாக்குகின்றனவே தவிர விளக்கத்தைத் தருவதில்லை. ஒரு மோல் நெல் எங்கும் இல்லை. ஒரு மோல் ஹீலியமோ எங்கும் உண்டு. நான்கு கிராம் எடையுள்ள அது, மறைமலைநகரின் 37 டிகிரி செல்சியஸ் கோடைப் பகலில் ஏறத்தாழ 25.4 லிட்டர் இடத்தை நிரப்பும். அதே 25.4 லிட்டரில் நைட்ரஜனை நிரப்பினால் 28 கிராமும், ஆக்சிஜனை நிரப்பினால் 32 கிராமும், கார்பன் டை ஆக்சைடை நிரப்பினால் 44 கிராமும் பிடிக்கும். எடைகள் வெவ்வேறாக இருக்க, எண்ணிக்கை மட்டும் மாறாதிருப்பதே அவகாட்ரோ கண்ட உண்மை.

அந்த எண் எவ்வளவு பெரியது என்பதை உணர, கல்பாக்கம் கடற்கரை மணலையே எடுத்துக்கொள்ளலாம். மோனசைட் என்னும் கனிமத்தின் துகள்கள் அம்மணலில் ஆங்காங்கே கலந்திருப்பதால் அங்கு இயற்கையான கதிர்வீச்சு உள்நாட்டுப் பகுதிகளைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது; அணுமின் நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கடற்கரையிலும் இதே கனிமம் இன்னும் செறிவாகக் கிடைக்கிறது. மோனசைட் என்பது அருமண் தனிமங்களின் பாஸ்பேட். அதனுள் தோரியமும் பொதிந்திருக்கும். தோரியம் மிக மெதுவாகச் சிதையும் தனிமம். தொடக்கத்தில் இருந்ததில் பாதி சிதைய ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்பர். தோரியத்துக்கு அது சுமார் 1,400 கோடி ஆண்டுகள், அதாவது பூமியின் வயதைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொரு தோரியம் அணுவும் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் காரீயமாக மாறும் வழியில் ஆறு ஆல்ஃபா துகள்களை உமிழ்கிறது; ஒவ்வோர் ஆல்ஃபா துகளும் இரண்டு எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஒரு ஹீலியம் அணுவாகிவிடுகிறது.

இனிக் கணக்கு எளிது. ஒரு மோல் தோரியம், அதாவது 232 கிராம், தன் வழித்தோன்றல்களோடு சமநிலையில் இருக்குமானால், அதில் நொடிக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தோரியம் அணுக்கள் சிதையும். மொத்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 56 லட்சம் ஹீலியம் அணுக்கள் பிறக்கும். நொடிக்கு 56 லட்சம் என்ற வேகத்தில் தொடங்கிய இந்த உற்பத்தி இரவு பகலாக நடந்து ஒரு மோல் ஹீலியத்தை, அந்த நான்கே கிராமை, சேர்த்து முடிக்கச் சுமார் 370 கோடி ஆண்டுகள் ஆகும். பூமி தோன்றி 454 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. பிறந்தநாள் பலூன்களில் ஒரு மாலைப் பொழுதுக்காக அடைத்துப் பறக்கவிடப்படும் வாயு பாறைகளுக்குள் இவ்வாறுதான் சேர்ந்தது.

ஆல்ஃபா துகள் என்பது ஹீலியமே என்பதை எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸும் 1908இல் மான்செஸ்டரில் மெய்ப்பித்த முறை வேதியியல் செய்முறைகளுள் மிக நேர்த்தியான ஒன்று. ஆல்ஃபா துகள்கள் ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மெல்லிய சுவருடைய கண்ணாடிக் குழாயில் ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் வாயுவை அடைத்து, அதைச் சுற்றி வெற்றிடமாக்கப்பட்ட மற்றொரு குழாயை அவர்கள் அமைத்தனர். சில நாள்கள் கழித்து வெளிக்குழாயில் சேர்ந்ததை அழுத்தி மின்பாய்ச்சலுக்கு உட்படுத்தியபோது அதன் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தோன்றியது. வாயு ஒன்றை ஒளிரச் செய்து அவ்வொளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் கிடைக்கும் வண்ணக்கோடுகளின் வரிசையே நிறமாலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் அவ்வரிசை தனித்தன்மையுடையது. 587.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த மஞ்சள் கோடு ஹீலியத்துக்கு உரியது.

அந்தக் கோடு மனிதர் கண்ணில் முதலில் பட்டது அன்றைய சென்னை மாகாணத்தில். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலர் ஜான்சென் குண்டூருக்கும், சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும் சென்றிருந்தனர். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீநாக்குகளின் ஒளியில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சள் கோட்டைப் பலர் சோடியத்தின் கோடென்றே எடுத்துக்கொள்ள, அது சோடியத்தின் இடத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்பதைப் போக்சன் குறித்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாத நாளிலேயே அக்கோட்டைக் கண்டு, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்கு அது உரியதென்று முடிவுசெய்தார். பூமியில் ஹீலியத்தை வில்லியம் ராம்சே 1895இல் யுரேனியக் கனிமம் ஒன்றை அமிலத்தில் கரைத்துக் கண்டெடுக்கும்வரை, அதாவது கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அந்தத் தனிமம் சூரியனில் மட்டுமே இருப்பதாக எண்ணப்பட்டது. பாடநூல்கள் ஜான்சென், லாக்கியர் பெயர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. நுங்கம்பாக்கத்திலிருந்து சென்ற போக்சனின் குறிப்புக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆல்ஃபா துகள் ஹீலியம் என்று உறுதியானவுடன், அவகாட்ரோ எண்ணைக் கணக்கிடும் வழியும் திறந்துகொண்டது. ஒரு கிராம் ரேடியம் நொடிக்கு உமிழும் ஆல்ஃபா துகள்களை ரதர்ஃபோர்டும் கைகரும் 1908இல் ஒவ்வொன்றாக எண்ணி 3.4 × 10¹⁰ என்று கண்டனர். குறை ஆயுள் வழித்தோன்றல்களையும் சேர்த்தால் அது நான்கு மடங்காகும். அதே ஒரு கிராம் ரேடியத்திலிருந்து ஓராண்டில் சேரும் ஹீலியத்தின் கனஅளவை ரதர்ஃபோர்டும் போல்ட்வுட்டும் 1911இல் அளந்தபோது அது ஏறத்தாழ 0.156 கன சென்டிமீட்டராக இருந்தது. ஓராண்டில் பிறந்த அணுக்களின் எண்ணிக்கை ஒருபுறம், அவை அடைத்துக்கொண்ட இடம் மறுபுறம். முன்னதைப் பின்னதால் வகுத்து, ஒரு மோல் வாயு 0 டிகிரியில் நிரப்பும் 22,414 கன சென்டிமீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 6.17 × 10²³ வருகிறது. இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்புக்கும் இதற்கும் நூற்றில் இரண்டு பங்குதான் வேறுபாடு. நேரடியாக எண்ணியே அவகாட்ரோ எண்ணை அடைந்த இம்முறைக்குப் பின், அணு என்பது கணக்கு வசதிக்கான கற்பனை என்று வாதிடுவோருக்கு இடமில்லாது போயிற்று.

அதே 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஹெய்க்கே காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தை முதன்முறையாகத் திரவமாக்கினார். அவருக்கு ஹீலியம் கிடைத்த வழியும் மோனசைட்டே: அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து தருவித்த மோனசைட் மணலைச் சூடாக்கி, அதனுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறைப்பட்டிருந்த வாயுவை அவரது ஆய்வுக்கூடத்தினர் பிரித்தெடுத்தனர். அன்று அவர் பெற்ற திரவம் சுமார் 60 மில்லிலிட்டர். திரவ ஹீலியத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.125 கிராம் ஆதலால் அது ஏறத்தாழ ஏழரை கிராம், அதாவது இரண்டு மோலுக்குச் சற்றுக் குறைவு. அதன் வெப்பநிலை 4.2 கெல்வின்.

அந்த 4.2 என்னும் எண்ணின் பொருளை உணரக் கெல்வின் அளவையின் தன்மையை அறிந்தாக வேண்டும். செல்சியஸ் அளவையின் பூஜ்ஜியம் நீர் உறையும் இடத்தில் வைக்கப்பட்டது; அது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. 1848இல் கிளாஸ்கோவின் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், எந்தப் பொருளின் இயல்பையும் சாராத வெப்பநிலை அளவை ஒன்றை முன்மொழிந்தார். அதன் பூஜ்ஜியம் இயற்கையே வகுத்த எல்லை, செல்சியஸில் −273.15 டிகிரி. அதற்குத் தனிச்சுழி வெப்பநிலை என்று பெயர். இந்த அளவையில் டிகிரி என்னும் சொல் வருவதில்லை; கிராம், மீட்டர் போலக் கெல்வினும் உண்மையான அளவுக்குரிய அலகு என்பதால் 1967இல் அச்சொல் நீக்கப்பட்டது. 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரி செல்சியஸைப் போல் இருமடங்கு வெப்பமன்று; 20 கெல்வின் என்பதோ 10 கெல்வினைப் போல் உள்ளபடியே இருமடங்கு.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணமன்று. திரவ நைட்ரஜன் −196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, திரவ ஹீலியம் −269 டிகிரி செல்சியஸில். செல்சியஸில் பார்த்தால் அறை வெப்பநிலையிலிருந்து நைட்ரஜன் வரை இறங்க 220 டிகிரிக்கும் மேல் கடக்க வேண்டும். அங்கிருந்து ஹீலியத்துக்கு எஞ்சியது 73 டிகிரிதான், ஆகவே கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றே தோன்றும். கெல்வினில் பார்த்தால் உண்மை தலைகீழாகத் தெரியும். 300இலிருந்து 77க்கு இறங்குவது நான்கில் ஒரு பங்காகக் குறைப்பது, 77இலிருந்து 4.2க்கு இறங்குவதோ பதினெட்டில் ஒரு பங்காகக் குறைப்பது. குளிர்விப்பதற்கான உழைப்பைத் தீர்மானிப்பது வித்தியாசமன்று, விகிதமே. கோடைப் பகலின் 310 கெல்வின் வெப்பத்தில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் 4.2 கெல்வினில் உள்ள பொருளிலிருந்து ஒரு ஜூல் வெப்பத்தை வெளியேற்ற, எந்தக் குறையுமில்லாத இயந்திரம் ஒன்று இருந்தால்கூட 73 ஜூல் வேலை செய்தாக வேண்டும். நடைமுறையில் உள்ள இயந்திரங்களுக்குப் பல நூறு ஜூல் தேவைப்படும். வரலாறும் இவ்விகிதத்துக்கு ஏற்பவே நடந்தது. 1883இல் போலந்து அறிஞர்கள் விரோப்ளெவ்ஸ்கியும் ஒல்ஷெவ்ஸ்கியும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் திரவமாக்கினர். 20 கெல்வினில் கொதிக்கும் ஹைட்ரஜனைத் திரவமாக்க ஜேம்ஸ் டூவருக்கு 1898 வரை ஆயிற்று. ஹீலியத்துக்கு மேலும் பத்தாண்டுகள்.

திரவமாக்கும் வழியைக் காட்டியதிலும் கெல்வினுக்குப் பங்குண்டு. அழுத்தப்பட்ட வாயுவை நுண்துளை வழியே விரிவடையச் செய்தால் அது குளிர்கிறது என்பதை அவரும் ஜூலும் 1852இல் கண்டனர். ஆனால் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வரம்பு வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் இருக்கும்போது விரிவடைந்தால் வாயு குளிர்வதற்கு மாறாகச் சூடாகும். நைட்ரஜனின் வரம்பு அறை வெப்பநிலைக்கு மேலே இருப்பதால் சிக்கலில்லை. ஹீலியத்தின் வரம்போ 50 கெல்வினுக்கும் கீழே. ஆகவே ஓனஸ் முதலில் திரவக் காற்றையும், அதைக் கொண்டு திரவ ஹைட்ரஜனையும் உண்டாக்கி, அந்த ஹைட்ரஜனால் ஹீலியத்தை முன்கூட்டியே குளிர்வித்த பிறகுதான் விரிவடையச் செய்ய முடிந்தது.

மிகக் குளிர்ந்த திரவங்களை லிட்டரில் ஒப்பிடாமல் மோலில் ஒப்பிட்டால் எதிர்பாராத ஓர் ஒற்றுமை தென்படுகிறது. ஒரு மோல் திரவ ஆக்சிஜன் 28 மில்லிலிட்டர். திரவ ஹைட்ரஜனும் உலர் பனிக்கட்டி எனப்படும் திண்ம கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழ அதே அளவு. திரவ ஹீலியம் 32. திரவ நைட்ரஜன் 35. இவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும் முப்பது மில்லிலிட்டரை ஒட்டிய திரவமோ திண்மமோ சூடாகி வாயுவானால் அதே 25 லிட்டரை நிரப்பும். எழுநூறு முதல் தொள்ளாயிரம் மடங்கு விரிவு. மருத்துவமனைகளின் பின்புறத்தில் நிற்கும் உயரமான வெள்ளைத் தொட்டி, சிறிய இடத்தில் இருந்துகொண்டே நூற்றுக்கணக்கான படுக்கைகளுக்கு ஆக்சிஜன் வழங்க முடிவது இந்த விரிவால்தான்.

உயிருக்கு ஆபத்தாவதும் இதே விரிவு. புகை கக்கும் பிஸ்கட் என்ற பெயரில் திருமண விருந்துகளிலும் பொருட்காட்சிகளிலும் திரவ நைட்ரஜன் ஊற்றிய தின்பண்டங்கள் விற்கப்பட்டதை அடுத்து, 2024இல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லிலிட்டர், திரவ நைட்ரஜன் ஆவியாகாமல் வயிற்றுக்குள் போய்விட்டால் அது உடல் வெப்பத்தில் மூன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். திசுக்களை உறையவைக்கும் குளிரை மட்டுமே மக்கள் அஞ்சுகின்றனர். குடலைக் கிழிக்கக்கூடிய விரிவை, மோல் கணக்கு தெரிந்தவர்களே எளிதில் உணர்வர்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்ப்புறத்தில் திரவ நைட்ரஜனை நேரில் பார்த்தவர் பலரும் அதைப் பார்த்தது கால்நடை மருந்தகத்தில்தான். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்து, மெல்லிய குழல்களில் அடைக்கப்பட்டு, இரட்டைச் சுவர் கொண்ட அலுமினியக் குடுவையில் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கியிருக்கும். 77 கெல்வினில் உயிரணுவுக்குள் வேதிவினைகள் நடைமுறையில் நின்றேவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து எடுத்து வெதுவெதுப்பாக்கினாலும் அது உயிர்ப்போடு இருக்கும். உதகமண்டலம், ஓசூர், தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள உறைவிந்து நிலையங்களிலிருந்து வரும் அக்குழல்கள் ஊர் ஊராகச் செல்லும் வழியெங்கும் அந்தக் குளிர் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். வேதியியலின் குளிர் விவசாயியின் தொழுவம்வரை வந்து சேர்ந்திருக்கும் இச்செய்தி, ராக்கெட்டுகளின் திரவ ஹைட்ரஜனைப் பற்றி எழுதப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படவில்லை.

நைட்ரஜனை அலுமினியக் குடுவையில் வாரக்கணக்கில் வைத்திருக்க முடிகிறது, ஹீலியத்தை அவ்வாறு வைக்க இயலாது. ஏன் என்பதற்கும் மோலே விடை சொல்கிறது. ஒரு மோல் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 40,650 ஜூல் வெப்பம் வேண்டும். இது உள்ளுறை வெப்பம் எனப்படும். ஒரு மோல் நைட்ரஜனுக்கு 5,570 ஜூல். ஒரு மோல் ஹீலியத்துக்கு வெறும் 83 ஜூல். ஹீலியம் அணுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பது அத்தனை பலவீனமாக. அதனால்தான் இயல்பான அழுத்தத்தில் அது தனிச்சுழியருகேகூட உறைவதில்லை. உறையவைக்க 25 வளிமண்டல அழுத்தம் தேவை. கலனுக்குள் ஒரு வாட் வெப்பம் கசிந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டர் திரவ ஹீலியம் ஆவியாகிவிடும். அதே கசிவில் நைட்ரஜன் இழப்பது 22 மில்லிலிட்டர்.

இதைத் தடுக்க டூவர் 1892இல் உருவாக்கிய வெற்றிடச் சுவர்க் குடுவை, வீடுகளில் இன்று பிளாஸ்க் என்று வழங்குவதன் முன்னோடி, மட்டும் போதாது. வெற்றிடம் வெப்பக் கடத்தலைத் தடுக்கும், கதிர்வீச்சைத் தடுக்காது. கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப வளர்வதால், 300 கெல்வினில் உள்ள வெளிச்சுவருக்கும் ஹீலியத்துக்கும் இடையே 77 கெல்வினில் ஓர் உலோகத் திரையை நிறுத்தினால், ஹீலியத்தை எட்டும் கதிர்வீச்சு இருநூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆவியாகி வெளியேறும் ஹீலியத்தையும் வீணாக்குவதில்லை: 4.2 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலைக்கு ஏறும் வழியில் அந்த ஆவி தன் உள்ளுறை வெப்பத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சவல்லது. ஆகவே கலனின் கழுத்தைச் சுற்றி அதை ஓடவிட்டு, உள்ளே வரும் வெப்பத்தை அதைக் கொண்டே தடுக்கின்றனர்.

இத்தனை பாடுபட்டுக் காக்கும் குளிருக்குக் கல்பாக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்றதும் நினைவுக்கு வருவது, 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையும் அதனுள் ஓடும் சூடான திரவ சோடியமுமே. அதே வளாகத்தின் பொருளறிவியல் ஆய்வுக்கூடங்களில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய ஸ்குவிட் என்னும் உணரிகள் மனித இதயத்தின் காந்தப்புலத்தை அளக்கின்றன. ஓனஸ் 1911இல் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அடியோடு மறைந்ததைக் கண்டார். இப்பண்பு மீக்கடத்துதிறன் எனப்படும். நியோபியம் உலோகம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது. நியோபிய வளையம் ஒன்றில் மிக மெல்லிய காப்பு இடைவெளிகளை அமைத்தால், அவ்வளையம் தன்னூடே செல்லும் காந்தப் பாயத்தை 2.07 × 10⁻¹⁵ வெபர் என்னும் சிறு பொதிகளாக உணர்ந்து, அப்பொதியின் மிகச் சிறு பின்னத்தையும் மின்னழுத்த மாற்றமாகக் காட்டுகிறது. ஸ்குவிட் என்பது இந்த வளையமே.

இதயத் தசைகளில் ஓடும் மின்னோட்டம் மார்புக்கு வெளியே உண்டாக்கும் காந்தப்புலம், இக்கடற்கரையில் நிலவும் 40 மைக்ரோடெஸ்லா புவிக்காந்தப் புலத்தில் ஏறத்தாழ எட்டு லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் புலம் சுமார் நாற்பது கோடியில் ஒரு பங்கு. ஆகவே காந்தத்தைத் தடுக்கும் உலோகக்கலவைத் தகடுகளால் சூழப்பட்ட அறைக்குள், படுத்திருப்பவரின் மார்புக்கு மேலோ தலையைச் சுற்றியோ உணரிகள் அடங்கிய ஹீலியக் கலனை நிறுத்தி இந்த அளவீடு செய்யப்படுகிறது. உடம்பில் எந்த மின்முனையும் ஒட்டுவதில்லை. கலனின் அடிச்சுவருக்கு இருபுறமும், சில சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு பக்கம் 310 கெல்வினில் மனித உடலும் மறுபக்கம் 4.2 கெல்வினில் நியோபிய வளையமும் இருக்கின்றன. 1987இல் கண்டறியப்பட்ட யிட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாவதால் மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஆயினும் மூளையின் புலத்தைப் போன்ற மெல்லிய சைகைகளுக்கு, இரைச்சல் குறைந்த நியோபியமும் அதற்குத் தேவையான ஹீலியமுமே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன.

இந்தியாவில் திரவ ஹீலியம் முதலில் ஆக்கப்பட்டது 1950களில், புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அதன் முதல் இயக்குநர் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். நாட்டின் கிலோகிராம், மீட்டர், கெல்வின் ஆகியவற்றின் செந்தரங்களைக் காக்கும் நிறுவனமும் அதுவே. அலகும் குளிரும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது தற்செயலன்று. செந்தரத்தைத் துல்லியமாக்க வெப்ப அலைவின் இரைச்சலை அடக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் குளிர் வேண்டும்.

2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய வரையறைகள் மோலையும் கெல்வினையும் இன்னும் நெருங்கவைத்தன. அதுவரை ஒரு மோல் என்பது 12 கிராம் கார்பன்–12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. கெல்வின் என்பது நீரின் மூன்று நிலைகளும் சேர்ந்திருக்கும் வெப்பநிலையின் 273.16இல் ஒரு பங்கு. இப்போது மோல் நேரடியாக ஓர் எண். கெல்வினுக்கோ போல்ட்ஸ்மன் மாறிலியின் மதிப்பு 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. துகள் ஒன்றின் அலைவு ஆற்றலுக்கும் வெப்பநிலைக்கும் இடையிலான மாற்று விகிதமே அந்த மாறிலி. அதைத் துல்லியமாகக் காண உதவிய சோதனைகளுள் உலோகக் கோளத்துக்குள் அடைத்த ஆர்கானிலும் ஹீலியத்திலும் ஒலியின் வேகத்தை அளந்தவை முதன்மையானவை. அவகாட்ரோ எண்ணையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் பெருக்கினால், பதினோராம் வகுப்பு மாணவர் வாயுச் சமன்பாட்டில் எழுதும் 8.314 வருகிறது. துகள்களை எண்ணும் மோலும் அவற்றின் அலைவை அளக்கும் கெல்வினும் சந்திக்கும் இடம் அந்த எண். அதை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் இவ்வளவையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது.

ஹீலியத்தின் இருப்போ கவலைக்குரியது. இந்தியா தனக்குத் தேவையான ஹீலியத்தில் ஏறத்தாழ அனைத்தையும் இறக்குமதி செய்கிறது, மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளுக்குள் உள்ள மீக்கடத்தி காந்தங்களும் அதை நம்பியே இருக்கின்றன. பாறைகளில் தோரியமும் யுரேனியமும் உண்டாக்கிய ஹீலியம் இயற்கை எரிவாயு தேங்கும் இடங்களில் தானும் தேங்குகிறது. அமெரிக்காவும் கத்தாரும் அதைப் பிரித்து விற்கின்றன. மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளில் வெளிவரும் வாயுவிலிருந்தும், காவிரிப் படுகையில் மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் எடுக்கும் எரிவாயுவிலிருந்தும் ஹீலியத்தைப் பிரிக்க அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் முயன்று, குத்தாலத்தில் முன்னோடி ஆலை ஒன்றையும் அமைத்தனர். அழுத்தத்தில் மற்ற வாயுக்களைத் தன் பரப்பில் பற்றிக்கொண்டு ஹீலியத்தை மட்டும் நழுவவிடும் பொருள்கள் நிரம்பிய தூண்களின் வழியே எரிவாயுவை மாற்றி மாற்றிச் செலுத்துவது அம்முறை. குத்தாலத்து எரிவாயுவில் ஹீலியத்தின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு லிட்டர் திரவ ஹீலியத்துக்கு எழுநூறு கன மீட்டருக்கும் அதிகமான எரிவாயுவைப் பிரித்தாக வேண்டும். அவ்வாறு பிரிக்காத எரிவாயு அடுப்பிலோ மின்நிலையத்திலோ எரியும்போது அதிலுள்ள ஹீலியம் எரியாமல் காற்றில் கலக்கிறது; பூமியின் ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாத அளவுக்கு அது இலேசானதாகையால், காலப்போக்கில் வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து விண்வெளிக்குக் கசிந்துவிடுகிறது.